அத்தையின் சைக்கிளும் அப்பாவின் பஸ்ஸும்

உங்களில் யாராவது காற்றே இல்லாத டயரில் ஓடும் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? நம் வயதுக்காரர்கள் சிலர் சிரிப்பீர்கள், தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் டியூபுக்கு எங்கே போவது? செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டி, ரிம்மைச் சுற்றிப் பதித்து, இரண்டு முனையையும் கம்பியால் இறுக்கிக் கட்டி ஓட்டினோம். வழியில் சின்னக் கல் கிடந்தாலும் அது முதுகெலும்பில் ஏறிப் பல்லில் வந்து நிற்கும். பேச வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது என் மகன் குளிர்சாதனக் காரில் என்னை உட்காரவைத்து, "சீட்டு வசதியா இருக்காம்மா?" என்று கேட்கிறான். அவனிடம் இதையெல்லாம் சொன்னால் அரைக் காதோடு கேட்பான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் அந்தச் சாலைகளில் போனவர்கள்தானே.

எங்கள் வீடு மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்தது. தகரக்கூரை போட்ட பலகை வீடு. அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி, அப்புறம் அத்தை. அத்தை அப்பாவுக்குத் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் புருஷன் காய்ச்சலில் போய்விட, அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அவளுக்கு அப்போது இருபத்தைந்துகூட ஆகியிருக்காது. எனக்கோ அவள் ரொம்ப வயதானவளாகத் தெரிந்தாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, இழுத்து முடிந்த தலை. பிள்ளைகள் உடுப்பைப் பார்த்துத்தானே வயதைக் கணக்குப் போடும்?

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. அடுப்படியில் கரண்டி வைக்கிற இடம், துணி காயப்போடுகிற கயிறு, தம்பியை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடத்துவது, இப்படி ஏதாவது ஒன்று. அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் அத்தை வாளியைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள். நடுவில் அப்பா, "சத்தம் கேக்குது" என்று மட்டும் சொல்வார்.

அப்பா பஸ் டிரைவர். கம்பெனி பஸ்தான், ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் அவரே பெற்று வளர்த்தது மாதிரி இருக்கும். அந்த பஸ்ஸின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல், சூடான தோல் சீட்டு, யாரோ காலடியில் வைத்த கூடையிலிருந்து வரும் கருவாடு, அப்பா முன்னால் செருகி வைக்கிற கதம்பப் பூ. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, மலாக்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பட்டணத்தை ஒரு சுற்று காட்டிக் கூட்டிவருவார். நான் ராணி மாதிரி கீழே நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

ஜப்பான்காரர்கள் வந்த கொஞ்ச நாளில் எல்லா பஸ்ஸையும் திடலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். அப்பா காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, பஸ்ஸைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் நடந்து திரும்பி வந்தார். கையில் கண்ணாடி துடைக்கிற துணி மட்டும் இருந்தது. அதை அவரே துவைத்துக் கயிற்றில் காயப்போட்டார். மறுநாளும் எடுத்துத் துவைத்துப் போட்டார். அந்தத் துணி பிறகு எங்கே போனதோ, தெரியாது.

வண்டி ஓட்டத் தெரிந்தவர்களை அவர்கள் சும்மா விடவில்லை. அப்பாவை லாரி ஓட்டக் கூட்டிப் போனார்கள். முதலில் பட்டணத்துக்குள்தான். சில நாள் வீட்டுக்கு வருவார், கொஞ்சம் அரிசி கொண்டு வருவார். பிறகு ஒருநாள் வடக்கே போகும் லாரி வரிசையில் அவரையும் சேர்த்துவிட்டார்கள் என்று கூட வேலை செய்தவர் வந்து சொன்னார். "சயாம் பக்கம்னு பேசிக்கிறாங்க" என்றார். அவர் சொல்லிவிட்டுப் போன பிறகு அம்மாவும் அத்தையும் வாசலில் வெகுநேரம் நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் அரிசி தீர்ந்தது. மரவள்ளிக்கிழங்கும் தீரும் நிலை வந்தது. அப்போதுதான் அத்தை விறகுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த அப்பாவின் சைக்கிளை வெளியே எடுத்தாள்.

"இதை வச்சு என்ன பண்ணப்போற?" என்றாள் அம்மா.

"தெங்கேராவுல, கடக்கரைப் பக்கம், கருவாடு கெடைக்குது அண்ணி. தோட்டத்து ஆளுங்ககிட்ட மரவள்ளி இருக்கு, அவங்களுக்குக் கருவாடு இல்ல. அங்க வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோனா நம்ம சாப்பாடு ஓடிரும்."

"பொம்பள சைக்கிள் ஓட்டுறதா? அதுவும் நீ?"

"அப்ப நீங்க ஓட்டுறீங்களா?"

அம்மா பாத்திரத்தை அழுத்தி வைத்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அக்கா இருந்தாள். மலாக்கா செட்டிகளை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கும்பிடுகிற சாமி நம் சாமி, பேசுகிற பேச்சு மலாய், உடுத்துகிறது இடுப்பில் சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும். அத்தை முதல் நாள் கோயில் பக்கத்துச் சந்தில் சைக்கிளோடு விழுந்தபோது அந்த அக்காதான் ஓடிவந்து தூக்கினாள். "இந்த வெள்ளைத் துணி செயினுக்குள் போய் உன்னைக் கொன்றுவிடும்" என்று மலாயில் திட்டிவிட்டு, உள்ளே போய்த் தன் பழைய சாரோங் ஒன்றையும் கெபாயா ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். சாரோங்கில் பழுப்பும் சிவப்புமாகப் பூக்கள். கெபாயா இளம்பச்சை.

அதைக் கட்டிக்கொண்டு அத்தை வெளியே வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கழுத்து இவ்வளவு நீளமா என்று பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு, "கெபாயா கை கொஞ்சம் லூசா இருக்கு. கழட்டிக் குடு, தச்சுத் தாரேன்" என்றாள்.

அத்தை ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் அது ஆம்பிளை சைக்கிள். நடுவில் குறுக்குக் கம்பி. சாரோங்கோடு அதைத் தாண்டிக் காலைப் போட முடியாது. ஏதாவது மேட்டில் ஏறி நின்று ஏறுவாள், இறங்கும்போது விழுவாள். முட்டியில் எப்போதும் காயம்.

தெங்கேராவில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் சீனர், முப்பது வயது இருக்கலாம். அண்ணனும் தம்பியுமாக நடத்திய கடை. ஜப்பான்காரர்கள் வந்த புதிதில் தம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தம்பி திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு அண்ணன் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ரப்பர் குழாய் டயர் போட்டுக் கொடுத்தது அவர்தான். அத்தை விழுந்து எழுந்து போவதைக் கடையிலிருந்து தினமும் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. ஒருநாள் கம்பி தளர்ந்துவிட்டது என்று சைக்கிளை விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் போனால் வேறு சைக்கிள் நிற்கிறது. சக்கரம், ஹேண்டில், பெடல், பின் சீட்டு எல்லாம் அப்பாவுடையது. நடுவில் இருந்த சட்டம் மட்டும் பொம்பளை சைக்கிள் சட்டம், வளைந்து கீழே இறங்குகிறது. எந்த வெள்ளைக்கார அம்மா விட்டுப்போனதோ!

"இது என் சைக்கிள் இல்லை" என்றாள் அத்தை மலாயில்.

"சாமாலா" என்றார் அவர். அதேதான் என்று அர்த்தம். தலையை நிமிர்த்தவில்லை. வேறொரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அத்தை அதில் ஏறிப் பார்த்தாள். கடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, விழாமல் இறங்கினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் எதையோ முனகிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பாட வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தோட்டத்துப் பக்கம் போகும் நாட்களில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொள்வாள். பிள்ளையோடு போகிற பெண்ணை அதிகம் தொந்தரவு பண்ணமாட்டார்கள் என்று அம்மாவின் யோசனை. என் மடியில் கருவாட்டுக் கூடை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், இலைச் சருகு, ஈரமான நிழல். அத்தையின் முதுகில் கெபாயா வியர்வையில் ஒட்டியிருக்கும். நான் கன்னத்தை அதில் வைத்துக்கொள்வேன். யுத்தம் நடந்தது, பசி இருந்தது, அப்பாவைப் பற்றிச் செய்தியே இல்லை. ஆனாலும் அந்தப் பயணங்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும். வெளியே சொல்ல மாட்டீர்கள்.

தெங்கேரா சாலையில் ஒரு சிப்பாய்க் காவல் இருந்தது. சைக்கிளில் வருகிறவர்கள் தூரத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போய், குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். ஒருநாள் மழை பெய்து விட்டிருந்தது. பிரேக்குக்குக் கட்டை கிடைக்காமல் பழைய செருப்புத் துண்டை வைத்திருந்தோம். ஈரத்தில் அது பிடிக்கவில்லை. அத்தை இரண்டு காலையும் தரையில் தேய்த்தாள். சைக்கிள் நிற்காமல் காவல்காரனைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

அவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். சின்ன வயதுக்காரன். அத்தையை ஓங்கி ஒரு அறை விட்டான். கூடை சரிந்து கருவாடெல்லாம் சேற்றில் விழுந்தது. பிறகு சைக்கிளைக் காட்டி, தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். அத்தை தூக்கினாள். கை கொஞ்சம் இறங்கினால் துப்பாக்கிக் கட்டையால் முழங்கையைத் தட்டினான். நான் அழக்கூட இல்லை. அழுதால் அவளுக்கு இன்னும் கெடுதல் என்று எப்படியோ தெரிந்திருந்தது.

சைக்கிள் கடையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். கடைக்காரர் கைகளில் கிரீஸோடு நடந்து வந்தார். தம்பியைக் கொண்டுபோன நாளிலிருந்து அவர் எந்தச் சிப்பாய் இருந்த பக்கமும் போனதில்லை. வந்து, இடுப்பு வரை வளைந்து கும்பிட்டார். பிரேக்கைத் தொட்டுக் காட்டினார். செருப்புத் துண்டைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தப்பு என்னுடையது, நான் வைத்த பிரேக் என்று சைகையிலேயே சொன்னார். அவன் அவரையும் அறைந்தான், இரண்டு கன்னத்திலும். அப்புறம் அத்தையின் கையிலிருந்த சைக்கிளை அவர் கைக்கு மாற்றச் சொன்னான்.

போய்விடு என்று அவர் கண்ணாலேயே சொன்னார். அத்தை போகவில்லை. எதிர்ப்பக்கத்து மரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் வந்தது, போனது. காவல் மாறும் நேரத்தில் புதிதாக வந்தவன் பார்த்துச் சிரித்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

அவரால் கையை மடக்க முடியவில்லை. சைக்கிளை அத்தை தள்ளிக்கொண்டு வர, அவர் முன்னால் நடந்தார். கடைக்குள் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அத்தை அங்கிருந்த கெட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி, கோப்பையை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் குடித்தார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

வீட்டில் அம்மா அத்தையின் கன்னத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் பூசிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"யாரு அந்த ஆளு?"

"சைக்கிள் கடைக்காரர்."

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல அண்ணி. தம்பி இருந்தாரு."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்றாள். அவித்த மரவள்ளியில் எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, மிளகாய்ச் சம்பல் வைத்து, வாழையிலையில் கட்டி அத்தையிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து பாத்திரங்களின் சத்தம் வீட்டில் குறைந்தது. ஏன் என்று அந்த வயதில் நான் யோசிக்கவில்லை.

யுத்தம் முடிந்து சில வாரம் கழித்து அப்பா வந்தார். ஒரு லாரி அவரைச் சாலை முனையில் இறக்கிவிட்டுப் போனது. யாரோ பிச்சைக்காரர் என்று அம்மா உள்ளே போய்க் கிழங்கு எடுத்து வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் கையில் இருந்ததைக் கீழே போட்டாள். எலும்புக்கு மேலே தோல். இரண்டு காலிலும் புண். சயாமில் ரயில் பாதை போட்ட இடத்தில் லாரி ஓட்டியிருக்கிறார். அங்கே பார்த்ததை அவர் கடைசிவரை எங்களிடம் சொன்னதில்லை.

புண்ணுக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அப்பாவால் நடக்க முடியாது. சைக்கிள் கடைக்காரர் தன் கையாலேயே ஒரு பெச்சா செய்து வைத்திருந்தார். சைக்கிளுக்குப் பக்கத்தில் சீட்டு வைத்த மூன்று சக்கர வண்டி. யாரும் கேட்காமலே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி உட்காரவைப்பார். போகும்போதும் வரும்போதும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. எல்லாம் இஞ்சின் பேச்சு. எந்த பஸ்ஸின் கியர் எப்படி, கரி அடுப்பு வைத்து ஓட்டிய லாரி எந்த மேட்டில் நின்றுபோகும். அப்பா சிரித்துப் பல நாளாகியிருந்தது. பெச்சாவில்தான் அவர் மறுபடி சிரித்தார்.

"நல்ல மனுஷன். நம்ம ஆளுங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அத்தையைப் பார்ப்பாள். அத்தை தரையைப் பார்ப்பாள்.

அத்தை அதைச் சொன்னது ஒரு மத்தியானம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக பெச்சா வாசலில் வந்து நின்றிருந்தது.

"அண்ணே, நான் அவரைக் கட்டிக்கப் போறேன்."

"யாரை?"

"வாசல்ல நிக்கிறாரே, அவரை."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டார். "பெரியவங்களைக் கூட்டியாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். எங்கள் சொந்தக்காரர்கள் ஜாலான் பெண்டஹாராவில் கடை வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் அவரால் நடக்க முடியாது. அவருக்காக நின்ற பெச்சாவைத் தாண்டி, கட்டுப்போட்ட கால்களை இழுத்து இழுத்து நடந்தார். கடைக்காரர் இறங்கி, "எங்கே போறீங்க, ஏறுங்க" என்று பின்னாலேயே போனார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் திரும்பி வந்து பெச்சா பக்கத்தில் நின்றார்.

அப்பா சந்து திரும்பியதுதான் தாமதம், அம்மா எழுந்தாள். அத்தையின் தகரப்பெட்டியை இழுத்து அதில் துணிகளை அள்ளிப் போட்டாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பெச்சாவில் வைத்தாள். அத்தையின் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டாள்.

"போ! இந்த வாசல்ல இனிமே நிக்காத! எம் புருஷனுக்குத் தலைகுனிவு தேடி வச்சிட்டியே! போடி!"

தெருவே வெளியில் வந்து பார்த்தது. அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நான் அத்தையின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பெச்சா போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பா பெரியவர்களோடு வந்தார்.

"நான்தான் வெரட்டி விட்டேன்" என்றாள் அம்மா. "இனி இந்த வீட்டுல அவ பேச்சு வேணாம்."

பெரியவர்கள் அம்மாவை மெச்சினார்கள். குடும்ப மானத்தைக் காப்பாற்றினாள் என்றார்கள். அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அத்தையின் பேச்சு எழவில்லை. தெங்கேரா கடையும் பூட்டிக் கிடந்தது.

நான் வளர்ந்தேன், கட்டிக்கொடுத்தார்கள், சிரம்பானுக்குப் போனேன். அப்பாவுக்குப் பழையபடி பஸ் வேலை கிடைத்தது. முதலில் பட்டணத்துக்குள், பிறகு வெளியூர் பாதைகள். அம்மா வருஷத்தில் சில தடவை மூவாரில் ஏதோ கோயிலுக்கு வேண்டுதல் என்று போய்வருவாள். வரும்போது ஓலையில் சுட்ட ஒத்தாக்-ஒத்தாக் மீன் கொண்டுவருவாள். ஒரு பெண்ணைத் தெருவில் இழுத்துவிட்டவளுக்கு என்ன வேண்டுதல் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். அம்மாவிடம் கேட்டதில்லை.

அப்பா முதலில் போனார். சில வருஷம் கழித்து அம்மாவும் போனாள். அம்மாவின் கருமாதிக்குக் காஜா பேராங் வீட்டில் கூடியிருந்தோம். ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். சீன முகம். ஆனால் கழுத்து நீளம். புடவையை எங்கள் வீட்டுப் பெண்கள் செருகுகிற மாதிரியே இடுப்பில் செருகியிருந்தாள். நேராக அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் விழுந்து கும்பிட்டு, விம்மி விம்மி அழுதாள். யாரும் அவளை நெருங்கவில்லை. நான் போனேன்.

"நீங்கதான பின் சீட்டு அக்கா?" என்றாள். சுத்தமான தமிழ். "நான் மூவார்லேர்ந்து வாரேன். அம்மாவால நடக்க முடியல. உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க."

காரியம் முடிந்த கையோடு அவளோடு கிளம்பினேன். என் மகனும் கூட வந்தான். வழியெல்லாம் அவள் கடையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

மூவார் ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலேயே, பெரிய சாலையை ஒட்டிக் கடை. இப்போது மோட்டார் சைக்கிள் கடை. உள்ளே ஒரு சீனக் கிழவர் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, மகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "சின்னப் புள்ள! சின்னப் புள்ள!" என்றார். எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது.

அத்தை நாற்காலியில் இருந்தாள். தலை முழுக்க வெள்ளை. கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய பொட்டு. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் அழுது ஓய்ந்த பிறகு, அம்மா அன்றைக்கு உங்களை அப்படி விரட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது என்று சொன்னேன்.

"வெரட்டுச்சா?" என்றாள் அத்தை. "பெட்டியைத் தொறந்து பார்த்தா, மேலாக்க அண்ணியோட கல்யாணப் பொடவை. அதைக் கட்டிக்கிட்டுத்தான் நான் தாலி கட்டிக்கிட்டேன். கத்தும்போதே எங் காதுல, 'பெரியவங்க வந்தா உன்னைய விடமாட்டாங்க, சீக்கிரம் போ'ன்னுச்சு. தெருவுக்குக் கேக்கணும்னு கத்துச்சு. தான் வெரட்டுனதாப் போகட்டும், ஓடிப்போனான்னு எம்மேல பேச்சு வரக்கூடாதுன்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு வரும். இங்கதான் வரும். மூணு பிரசவமும் உங்கம்மாதான் பார்த்துச்சு."

"அப்பாவுக்குத் தெரியாமலா?"

அத்தை என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "மூவார் பஸ்ஸை யாரு ஓட்டுனா?"

அப்போதெல்லாம் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. மலாக்கா பஸ் ஃபெரித்துறை வரைக்கும்தான் போகும். துறையில்தான் எல்லாரும் இறங்க வேண்டும். கடை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அங்கே ஸ்டாப்பு இல்லை.

"அண்ணி வர்ற அன்னிக்கு பஸ் கடைக்கு முன்னாடியே நிக்கும். அண்ணி எறங்கும். ஆனா பஸ் போகாது. நான் வெளிய வந்து நிக்கிற வரைக்கும் நகராது. உள்ள இருக்கிறவங்க சத்தம் போடுவாங்க, கேக்கவே மாட்டாரு. நேராத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாரு, ஒரு தடவகூட முகத்தைத் திருப்பினதில்ல. நான் வந்து நின்னா, எப்படியோ தெரிஞ்சிரும், வண்டியை எடுப்பாரு. இவ பொறந்தப்ப என்னால எந்திரிக்க முடியல. பஸ் நின்னுக்கிட்டே இருக்கு. ஜனங்க கத்துறாங்க. அப்புறம் அண்ணிதான் பச்சப்புள்ளையைத் தூக்கிட்டுப் போயி வாசல்ல நின்னுச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் போனாரு."

கடைக்காரர் ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் காது மந்தம். ஆனால் எதைப் பேசுகிறோம் என்று தெரிந்திருந்தது. சாலைப் பக்கம் கையைக் காட்டித் தலையை ஆட்டினார்.

"அண்ணனுக்குக் கோவம் போயிருச்சான்னு உங்கம்மாகிட்ட ஒவ்வொரு தடவையும் கேப்பேன்" என்றாள் அத்தை. "உங்கம்மா எனக்குப் பொய் சொல்லாது. 'கோவம் போகலம்மா. ஆனா பஸ் நிக்குதில்ல?' அப்படிங்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் எதற்குச் சிரிக்கிறோம் என்று காதில் விழாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார். என் மகன் ஒன்றும் புரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குள் உள்ளே போன அத்தையின் மகள் கையில் ஒரு மெத்தையையும் தலையணையையும் கொண்டுவந்து, தன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு விரித்துவிட்டாள். தங்குகிறேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.